பிழை எந்த வரியில்? வரியில் எந்த இடத்தில்?

"அக்கா, புரோகிராம தொறந்தப்ப ஏதோ வார்னிங் வந்துச்சு. ரெண்டு வரிதான். படிக்கிறதுக்குள்ள மேல போயிருச்சு."

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் முதலாம் ஆண்டு மாணவரான தம்பி ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அன்று இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் நடத்திய தமிழ்ப் புதிர்ப்போட்டி. 18 குழுக்கள், நான்கு சுற்றுகள். புள்ளிகளைக் கூட்டித் தரவரிசை போடும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவள் நான். தம்பி சொன்னதும் நிரலை மூடி மறுபடி திறந்தேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இன்னொரு முறை திறந்தேன். அப்போதும் இல்லை.

"ஒன்னும் இல்லையே தம்பி. வேற எதையாச்சும் பார்த்திருப்ப," என்று சொல்லிவிட்டுப் பதாகை கட்டப் போய்விட்டேன்.

நான்காவது சுற்று முடிந்தது. மாணவர்கள் மண்டபத்தில், ஆசிரியர்கள் முன்வரிசையில், பள்ளி பேருந்துகள் வெளியில். மொத்தப் புள்ளிகளைக் கணக்கிடச் சொன்னதும் நிரல் நின்றுவிட்டது. 47ஆம் வரியில் பிழையாம். 'நன்' என்ற பொருளுக்குள் எதையும் தேடி எடுக்க முடியாதாம். பைத்தானில் 'நன்' என்றால் 'ஒன்றுமில்லை' என்று பொருள். அந்த வரி இதுதான். நிரலில் ஆங்கில எழுத்தில் இருந்ததை இங்கே தமிழில் தருகிறேன்:

மொத்தம் = ஆர்1[கே] + ஆர்2[கே] + ஆர்3[கே] + ஆர்4[கே]

'கே' என்பது குழுவின் எண். ஆர்1 முதல் ஆர்4 வரை நான்கு சுற்றுகளின் புள்ளிப் பட்டியல்கள். நான்கில் ஏதோ ஒன்று 'ஒன்றுமில்லை' ஆகிவிட்டது. எது என்று கணினி சொல்லவில்லை. வரி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொண்டது.

மூன்றாம் சுற்றில் நடுவர் ஒரு விடையை ஏற்றுக்கொண்டதால் புள்ளிகள் மாறின. அந்தக் கோப்பைத் திருத்தியவர் அந்தத் தம்பிதான். நான் யோசிக்கவே இல்லை. "நீ கை வச்ச பைல்லதான் ஏதோ கெட்டுப்போச்சு," என்றேன், இரண்டு ஆசிரியர்கள் கேட்கும்படி. அவர் பதில் சொல்லவில்லை. நடுவர் தாள்களை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, 18 குழுக்களின் மூன்றாம் சுற்றுப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு தவறும் இல்லை. கடைசியில் கால்குலேட்டரை வைத்துக் கையால் கூட்டித்தான் முடிவை அறிவித்தோம். ஏறக்குறைய ஒரு மணி நேரத் தாமதம்.

அன்று இரவு விடுதியில் தோழியின் மடிக்கணினியில் அதே நிரலை ஓட்டினேன். அவளிடம் இருந்தது பைத்தான் 3.11. முதலில் எச்சரிக்கை வந்தது, தம்பி பார்த்த அதே இரண்டு வரி. பிறகு அதே 47ஆம் வரியில் அதே பிழை. ஆனால் இம்முறை அந்த வரிக்குக் கீழே சில குறிகள் இருந்தன. ஆர்1 என்பதன் அடியில் ~~ என்றும், அதை அடுத்த [கே] என்பதன் அடியில் ^^^ என்றும்.

ஆர்1. முதல் சுற்று. அதைப் படித்துத் தரும் பகுதியை எழுதியவள் நான். தம்பி அந்தப் பக்கமே போகவில்லை.

என் தவறு

முதல் சுற்று எழுத்துச் சுற்று, மற்றவை மணியடித்துப் பதில் சொல்லும் சுற்றுகள். எந்தச் சுற்று எந்த வகை என்பதைப் பொறுத்துக் கோப்பைப் படிக்கும் வேலையை ஒரு தனிக் கோப்பில் எழுதியிருந்தேன். அங்கே வகை 'பேப்பர்'தானா என்று பார்க்க, இரட்டைச் சமக்குறி போட வேண்டிய இடத்தில் 'இஸ்' என்ற சொல்லைப் போட்டுவிட்டேன்.

இரண்டும் ஒன்றல்ல. இரட்டைச் சமக்குறி 'மதிப்பு ஒன்றா?' என்று கேட்கிறது. 'இஸ்' என்பதோ 'இது அதே பொருள்தானா?' என்று கேட்கிறது. இரண்டு ஐசியில் ஒரே பெயர் இருக்கலாம். அதனால் இருவரும் ஒரே ஆள் ஆகிவிட மாட்டார்கள். நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட இதுபோன்ற சிறு ஆங்கிலச் சொற்களுக்குப் பைத்தான் ஒரே பிரதியை வைத்துக்கொள்ளும். அதனால் நான் வீட்டில் சோதித்தபோதெல்லாம் நிரல் சரியாக ஓடியது. வெள்ளிக்கிழமை இரவு சுற்றுகளின் வரிசையை மாற்றச் சொன்னார்கள் என்பதற்காக, வகைகளின் பெயர்களை ஓர் உரைக்கோப்புக்கு மாற்றினேன். கோப்பிலிருந்து படித்த 'பேப்பர்' வேறு பிரதி. 'இஸ்' இல்லை என்றது. நிரல் எதையும் திருப்பித் தராமல் வெளியேறியது. ஆர்1 'ஒன்றுமில்லை' ஆனது.

இந்தத் தவறைப் பைத்தான் 3.8 முதல் கம்பைலரே கண்டுபிடித்து எச்சரிக்கிறது. இரட்டைச் சமக்குறியைத்தான் நினைத்தீர்களா என்று கேட்கவும் செய்கிறது. என் பழைய மடிக்கணினியில் இருந்தது 3.7, அதனால் நான் பார்த்ததே இல்லை. மண்டபத்துக் கணினியில் 3.8. அங்கே தம்பி பார்த்தார்.

நான் திறந்தபோது ஏன் வரவில்லை? நாம் எழுதும் நிரலைப் பைத்தான் நேரடியாக ஓட்டுவதில்லை. முதலில் கம்பைலர் அதை 'பைட்கோட்' எனப்படும் சிறு சிறு கட்டளைகளாக மாற்றுகிறது. பிறகு இன்டர்பிரெட்டர் அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. துணைக் கோப்புகளின் பைட்கோட்டை வட்டில் சேமித்தும் வைக்கிறது, அடுத்த முறை விரைவாகத் திறக்கலாம் என்பதற்காக. இரண்டாம் முறை கம்பைலருக்கு வேலையே இல்லை. வேலை செய்யாதவர் எப்படி எச்சரிப்பார்? தம்பி பார்த்தது முதல் முறை. நான் பார்த்தது இரண்டாம் முறை, மூன்றாம் முறை. (உங்களுக்கும் இப்படி நடந்தால் 'பைகேச்' என்று முடியும் அந்தச் சேமிப்பு அடைவை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை திரும்பி வரும்.)

16 கட்டளைகளுக்கு ஒரே எண்

என் தவறு புரிந்துவிட்டது. ஆனால் இன்னொன்று என்னை விடவில்லை. 3.11க்குத் தெரிந்த இடம் 3.8க்கு ஏன் தெரியவில்லை?

பைத்தானில் 'டிஸ்' என்றொரு தொகுதி இருக்கிறது. ஒரு வரியைக் கொடுத்தால் அதன் பைட்கோட்டைக் காட்டும். என் 47ஆம் வரியைக் கொடுத்தேன். ஆர்1ஐ எடு, கேயை எடு, அதற்குள் தேடு: மூன்று கட்டளைகள். நான்கு சுற்றுகளுக்குப் பன்னிரண்டு. கூட்டுவதற்கு மூன்று, விடையை வைக்க ஒன்று. ஆக 16 கட்டளைகள். 3.8 பதிப்பில் இந்த 16க்கும் சேர்த்து ஒரே தகவல்தான் உண்டு: '47ஆம் வரி'. மூன்றாவது கட்டளையில்தான் நிரல் விழுந்தது என்பது இன்டர்பிரெட்டருக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது கட்டளை வரியின் எந்தப் பகுதிக்கு உரியது என்ற குறிப்பு அதனிடம் இல்லை.

எனக்கு எரிச்சல் ஊட்டிய விஷயம், கம்பைலருக்கு அது தெரியும் என்பதுதான். நிரலைப் படிக்கும்போதே அது ஒரு மரம்போன்ற அமைப்பை உருவாக்கி, ஒவ்வொரு கிளையும் எந்த வரியில், எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்கிறது. 3.8 முதல் எங்கே முடிகிறது என்பதையும் குறிக்கிறது. பிறகு பைட்கோட் எழுதும்போது வரி எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடும்.

தூக்கிப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இன்டர்பிரெட்டர் என்பது ஓயாமல் சுற்றும் ஒரு வளையம். ஒரு கட்டளையை எடு, செய், அடுத்ததை எடு. கோடிக்கணக்கான முறை சுற்றும் அந்த வளையத்தில் சிறு வேலை ஒன்றைச் சேர்த்தாலும் மொத்த நிரலும் மெதுவாகும். இருப்பிடத்தைத் துல்லியமாக்கலாம், ஆனால் அதற்கு வேகத்தை விலையாகக் கொடுக்கலாமா?

நான் பிறப்பதற்கு முன்பு பைத்தான் அந்த விலையை உண்மையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய பதிப்புகளின் பைட்கோட்டில் 'செட் லைன்நோ' என்று ஒரு கட்டளை இருந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அது நிற்கும். 'இப்போது நாம் இந்த வரியில் இருக்கிறோம்' என்று எழுதி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. பத்து லட்சம் முறை சுற்றும் ஒரு வளையத்தில் ஐந்து வரிகள் இருந்தால் ஐம்பது லட்சம் முறை எழுதும். பிழை வராவிட்டாலும் எழுதும். வேகம் வேண்டியவர்கள் தனி விசை ஒன்றைப் போட்டு அதை நீக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் அப்பா காரை நிறுத்தி, இறங்கி, எண்ணை நோட்டில் எழுதிவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? நாம் அப்படிப் போவதில்லை. பலகைகள் பாட்டுக்குச் சாலையோரம் நிற்கின்றன. நாம் பாட்டுக்குப் போகிறோம். டயர் வெடித்தால்தான் இறங்கி, அருகில் உள்ள பலகையைப் பார்த்து உதவிக்கு அழைக்கிறோம்.

2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 இதைத்தான் செய்தது. 'செட் லைன்நோ' கட்டளை நீக்கப்பட்டது. எந்தக் கட்டளை எந்த வரிக்கு உரியது என்ற அட்டவணை பைட்கோட்டின் பக்கத்தில் தனியாக இருந்தது. ஓடும்போது இன்டர்பிரெட்டர் அதைத் தொடுவதில்லை. பிழை வந்து விழுந்தால் மட்டும், எத்தனையாவது கட்டளையில் விழுந்தோம் என்று பார்த்து, அட்டவணையில் அதற்குரிய வரி எண்ணைத் தேடும். எப்படியும் நிரல் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் தேடினால் யாருக்கு நஷ்டம்?

நேரத்துக்குப் பதில் இடம்

3.11 செய்தது அந்தப் பழைய யோசனையின் அடுத்த படிதான். பாப்லோ கலிந்தோ சல்காடோ, பதுஹான் தஸ்காயா, அம்மார் அஸ்கர் ஆகிய மூவர் எழுதிய 'பெப் 657' என்ற முன்மொழிவு அதற்கு அடிப்படை. கம்பைலர் தூக்கிப் போட்ட தகவலைப் போட வேண்டாம், அதையும் அட்டவணையில் சேர்ப்போம் என்றது அது. தொடங்கும் வரி, முடியும் வரி, தொடங்கும் இடம், முடியும் இடம் என்று ஒவ்வொரு கட்டளைக்கும் நான்கு எண்கள். சாலைப் பலகையை ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்பதிலிருந்து நூறு மீட்டருக்கு ஒன்று என்று மாற்றுவதுபோல. எத்தனை பலகை நட்டாலும் காரின் வேகம் குறையப்போவதில்லை.

பலகைக்குக் காசு ஆகும் அல்லவா? அந்த விலை இடம். பைத்தானோடு வரும் நிலையான நூலகத்தின் பைட்கோட் கோப்புகள் 28.4 மெகாபைட்டிலிருந்து 34.7 மெகாபைட்டாக, அதாவது 22 விழுக்காடு பெருக்கும் என்று முன்மொழிவை எழுதியவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நூலகம் முழுவதையும் ஏற்றினால் நினைவகத்திலும் அதே அளவு கூடும். வேண்டாம் என்பவர்களுக்கு அதை அணைக்கும் விசையும் உண்டு.

22 விழுக்காடு அதிகம் என்று என் வகுப்பு நண்பர்கள் சிலர் வாதிட்டார்கள். சிறு கருவிகளுக்குள் நிரல் எழுதுபவர்கள் அப்படிச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். அவர்களுக்கு ஒவ்வொரு கிலோபைட்டும் கணக்கு. ஆனால் ஆறு மெகாபைட் என்பது நம் கைப்பேசியில் இருக்கும் இரண்டு மூன்று படங்களின் அளவு. மேடைக்குப் பின்னால் தாள்களோடு உட்கார்ந்திருந்த தம்பியை நினைத்தால் எனக்கு அது பெரிய விலையாகத் தெரியவில்லை.

வேகம் உண்மையிலேயே குறையவில்லையா என்று நானும் சோதித்தேன். ஒரு நீண்ட வளையத்தை எழுதி, அந்த விசையைப் போட்டும் போடாமலும் பல முறை ஓட்டினேன். ஒரே அமைப்பில் இரண்டு முறை ஓட்டினாலே நேரம் கொஞ்சம் முன்பின்னாக வரும். விசையால் வந்த வேறுபாடு அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. பார்க்கப்போனால் 3.11 பதிப்பு 3.10ஐவிட 10 முதல் 60 விழுக்காடு வேகமானது என்று அதன் வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. அந்த வேகம் வேறு மாற்றங்களால் வந்தது, இந்த அட்டவணையால் அல்ல. ஆனால் அதே பதிப்பில் 'டிரை' என்னும் பிழை காக்கும் பகுதிக்கும் இதே உத்தியைக் கையாண்டிருக்கிறார்கள். முன்பு அதற்குள் நுழையும்போதே ஒரு கட்டளை ஓட வேண்டும். இப்போது பிழை வந்தால் எங்கே தாவ வேண்டும் என்பது பக்கத்து அட்டவணையில் இருக்கிறது. பிழை வராத வரை செலவு ஏறக்குறைய இல்லை.

கம்பைலர் எச்சரிக்கைகளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. இன்டர்பிரெட்டர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அவை வந்துவிடுவதால், எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் ஓட்டம் மெதுவாகாது. என் கதையில் அவற்றுக்கு வந்த ஆபத்து வேறு. வேகத்துக்காகப் பைட்கோட்டைச் சேமித்தார்கள். அதனால் எச்சரிக்கை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. இந்த இடத்தில் மட்டும் வேகம் ஜெயித்து எச்சரிக்கை தோற்றது என்றே நினைக்கிறேன்.

தமிழில் எழுதினால்?

போட்டி முடிந்த மறுவாரம் தம்பியை மாமாக் கடைக்கு அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே, "பரவால்லக்கா. ஆனா வார்னிங் வந்துச்சுதானே?" என்றார். வந்தது என்றேன். அதைத்தான் அவர் கேட்க விரும்பினார் என்று நினைக்கிறேன். பிறகு 3.11இன் குறிகளை அவருக்குக் காட்டினேன்.

அவர்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் இந்தக் குறி சரியாக விழுமா? 2008இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஆர்1ஐச் 'சுற்று1' என்றும், கேயைக் 'குழு' என்றும் மாற்றி, வேண்டுமென்றே பிழையை வரவழைத்தோம்.

குறி வலப்பக்கம் நகர்ந்து விழுந்தது. ஆர்3ஐ வெறுமையாக்கினால் அந்தக் குறி நான்காம் சுற்றின் அடியில் போய் நின்றது. யார் தவறு என்று இப்போது நான்காம் சுற்றுக்காரரைத் திட்டலாம்!

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 'சுற்று' நமக்கு மூன்று எழுத்து: சு, ற், று. கணினியின் யூனிகோட் முறையில் அது ஆறு குறியீடுகள்: ச, உகரக்குறி, ற, புள்ளி, ற, உகரக்குறி. கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்; ஆக 18. கம்பைலர் இருப்பிடத்தைப் பைட் கணக்கில்தான் குறித்து வைக்கிறது. பிழையை அச்சிடும் பகுதி அந்தப் 18ஐ ஆறாக மாற்றிவிடுகிறது. ஆறை மூன்றாக மாற்றுவதில்லை. சீன, ஜப்பானிய எழுத்துகள் திரையில் இரண்டு இடம் அடைக்கும் என்பதைப் பிந்தைய பதிப்புகளில் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நம் உகரக்குறியும் புள்ளியும் தனியாக இடம் அடைப்பதில்லை என்பது, நாங்கள் பார்த்த பதிப்பில், கணக்கில் இல்லை.

இதைச் சரிசெய்ய இன்டர்பிரெட்டரின் வளையத்தைத் தொடவே வேண்டியதில்லை. அட்டவணையையும் மாற்ற வேண்டாம். பிழையை அச்சிடும் அந்தக் கடைசிப் பகுதியில், நிரல் ஏற்கெனவே நின்றுவிட்ட பிறகு, கொஞ்சம் ஒழுங்காக எண்ணினால் போதும். அந்தப் பகுதி பைத்தான் மொழியிலேயே எழுதப்பட்டது. படிவம் 5 மாணவரும் திறந்து படித்துவிடலாம்.

அப்படித்தான் நினைத்தோம். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டுவிடும் ஒரு சிறு பகுதியைத் தம்பி எழுதினார். 'குழு'வுக்குச் சரியாக விழுந்தது. 'மொத்தம்' வந்ததும் மறுபடி கோணல். ஒகரக்குறி எழுத்துக்கு முன்னும் பின்னும் இடம் அடைக்கிறது. 'றா'வுக்கும் 'ற்'க்கும் திரையில் ஒரே அகலம் இல்லை. என் மடிக்கணினியின் திரை ஒரு விதமாகக் காட்டுகிறது, அவருடையது இன்னொரு விதமாகக் காட்டுகிறது. மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை மாலைகளில் இதே வேலை. கடைசியாக, அடியில் குறி போடுவதை விட்டுவிட்டு, தவறான பகுதியையே வேறு நிறத்தில் காட்டிப் பார்க்கலாம் என்றார். அதைத்தான் இப்போது முயன்றுகொண்டிருக்கிறோம்.

தம்பி இப்போது எந்த நிரலை முதல் முறை திறந்தாலும், கைப்பேசியை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்துக்கொள்கிறார்.